காணாமல் போன சேரன்மகாதேவி

கே: 'சேரன்மகாதேவி தொகுதி' என்று ஒன்று இருந்ததாமே? இப்போது ஓட்டுச்சீட்டில் காணவில்லையே? (வாசகர், வீரவநல்லூர்)

ப: ஊர் பத்திரமாக இருக்கிறது, தொகுதியைத்தான் 2008 மறுசீரமைப்பு விழுங்கிவிட்டது. இப்போது அம்பாசமுத்திரத்தோடு ஐக்கியம்.

இருந்த காலத்தில் சும்மா இருந்த தொகுதி அல்ல. சபாநாயகர் பி.எச். பாண்டியனை அனுப்பி வைத்தது இதுதான். தமக்கு 'வானளாவிய அதிகாரம்' உண்டு என்று முழங்கினாரே, அவரேதான். பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. அதற்காகப் பாண்டியன் தலைமையிலான சட்டமன்றம் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குக் கொடுத்தது மூன்று மாதக் கடுங்காவல்! ஒரு ஜோக்குக்கு இவ்வளவு சன்மானம் வேறு யாருக்கும் கிடைத்ததில்லை. (நல்லவேளை, இரண்டே நாளில் விட்டுவிட்டார்கள். எனக்கு இன்றும் அட்டைப்பட ஜோக் எழுதக் கை நடுங்கும்.)

1989இல் அ.தி.மு.க. இரண்டாகப் பிரிந்து நின்றபோது ஓர் அணியின் தலைவி ஜானகி அம்மையாரே ஆண்டிபட்டியில் தோற்றார். அவர் அணியில் ஜெயித்த மிகச் சிலரில் ஒருவர் பாண்டியன், ஜெயிக்க வைத்தது சேரன்மகாதேவி. சட்டமன்றக் கட்சிக் கூட்டம் நடத்தச் சில நாற்காலிகளே போதும்.

கடைசிக் கூத்தைக் கேளுங்கள். 2006இல் இங்கே காங்கிரஸின் வேல்துரை ஜெயித்தார். அரசு ஒப்பந்தங்கள் கைவசம் இருந்ததால் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2011 ஏப்ரலில். அதற்குள் அவர் பதவிக்காலமே முடியப் போகிறது, தொகுதியும் வரைபடத்தில் இல்லை!