கால்களுக்கு மட்டும் ஊரடங்கு

கர்நாடகத்து மாதேஸ்வரன் மலை மைசூர் மாவட்டத்தில் இருந்த காலத்தில் (1997-ல்தான் மலை இருக்கும் சாமராஜநகர் தனி மாவட்டமானது) மேட்டூரை அடுத்த எங்கள் கொளத்தூர்ப் பக்கத்தில் பிள்ளைகளை யாரும் எடை போட்டுப் பார்த்ததில்லை. சிவராத்திரி வந்தால் பாலாறு தாண்டி மலைவரை நடத்தியே கூட்டிப்போவார்கள். சந்தனக் கடத்தல் வீரப்பன் பெயரைக் கேட்டாலே பஸ்காரர்கள் பதறிய நாட்களிலும் அம்மாயி நடையை விடவில்லை. "கால் வலிக்குது" என்று முனகினால், "புலிமேல வர்ற சாமி உன்னய நடந்து வரச் சொல்லுது, நட" என்பார்.

எங்கள் கூட்டத்தில் ஒருவன் நல்ல குண்டு. அவனும் முக்கி முனகிக் கடைசி ஆளாக ஏறிவிடுவான். பெரிசுகள் அவன் அப்பாவிடம், "நல்ல வளர்ப்பு, சோத்துக்குப் பஞ்சமில்லாத வூடு" என்பார்கள். அது பாராட்டு.

வீரப்பனால் முடியாததை 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு செய்துகாட்டியது. கோயில் நடை சாத்தியது, மாநில எல்லை அடைத்தது, பள்ளிக்கூடம் பூட்டியது. அக்கா மகன் அப்போது ஆறாம் வகுப்பு, ஏற்கெனவே பருமன். டாக்டர் சொன்னபடி சாயங்காலம் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவன். அந்த மைதானத்தில் காய்கறிச் சந்தை போட்டார்கள். அவன் தின்ன வேண்டிய காய்கறி வந்து, அவன் ஓட வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

பி.டி. பீரியடும் செல்போனில்தான். வாத்தியார் குதிப்பதை இவன் உட்கார்ந்து பார்ப்பான். கேமராவை மட்டும் போட மாட்டான். குரூப்பில் கேலிப் படமாகிவிடுவோம் என்ற பயம். அடுப்படியில் யூடியூப் பார்த்துப் புரோட்டா, குக்கரில் கேக், எதிர்ப்புச் சக்தி என்ற பெயரில் நெய் உருண்டை.

இத்தாலியின் வெரோனாவிலும் இதே கூத்துதான். ஊரடங்கு தொடங்கிய மூன்றாவது வாரத்தில், பருமனான 41 பிள்ளைகளை விசாரித்தார்கள். திரையைப் பார்க்கும் நேரம் நாளுக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் கூடியிருந்தது. விளையாட்டு வாரத்துக்கு 2 மணி நேரத்துக்கு மேல் குறைந்திருந்தது. அமெரிக்காவில் 2 முதல் 19 வயது வரையிலான 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கைப் பார்த்தார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஏறும் வேகம் கொரோனாவுக்கு முன்பைவிட ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. அதிலும் ஏற்கெனவே எடை கூடியிருந்த பிள்ளைகளுக்கே அதிகம் ஏறியிருந்தது. அதாவது, யார் கால்களுக்கு மைதானம் அதிகம் தேவையோ, அவர்கள் கால்களைத்தான் நாம் நன்றாகக் கட்டினோம்.

பள்ளி திறந்தபோது யூனிபார்ம் பட்டன் சேரவில்லை. சொந்தபந்தங்கள் வந்து, நெய் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டே, "தம்பி, வாயக் கட்டக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்களும் இப்போது மாதேஸ்வரன் மலைக்குக் காரில்தான் போகிறார்கள்.

வாயைக் கட்டச் சொல்ல ஊரே இருக்கிறது. காலை அவிழ்த்துவிடத்தான் அவசரமில்லை. தமிழ்நாட்டில் டாஸ்மாக் 2020 மே மாதமே திறந்தது. ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் திறக்க 2021 நவம்பர் 1 ஆயிற்று.