ஓடாத காரின் சொந்தக்காரர்

கார் வைத்திருப்பவர்களைத் தாமே ஓட்டுகிறவர்கள் என்றும், டிரைவர் வைத்து ஓட்டுகிறவர்கள் என்றும் இரு வகையாகப் பிரித்து உலகம் திருப்தியடைந்துவிட்டது. ஆனால் மாம்பலம், மயிலாப்பூர், நங்கநல்லூர் முதலிய பேட்டைகளில் காலை வேளையில் வீட்டு வாசல்களைப் பார்த்தபடி நடந்து போகிறவர்களுக்கு, இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது இனம் ஒன்று உண்டு என்பது சீக்கிரமே விளங்கும். இந்த இனத்தாருக்கு ஓட்டத் தெரியும், லைசென்ஸ் இருக்கிறது, வண்டியும் பழுதில்லாமல் இருக்கிறது, பெட்ரோல் போடுவதற்குப் பென்ஷனும் மாதம் தவறாமல் வருகிறது. ஆயினும் வண்டி மட்டும் வெளியே வராது. சாம்பல் நிற உறையைப் போர்த்துக்கொண்டு, ஒயரைக் கடிக்கும் எலிகளுக்காக நாலு புறமும் போட்டு வைத்த நாப்தலின் உருண்டைகளின் நடுவே, அது ஷெட்டில் நிரந்தர வாசம் செய்யும். கோயில் ரிஷப வாகனங்கூட உற்சவத்துக்கு உற்சவம் நாலு மாட வீதியும் சுற்றிவிட்டு வருகிறது. இந்த வாகனத்துக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

இவ்வினத்தின் உத்தமப் பிரதிநிதி என்று நான் கருதுபவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவரும், கணக்கு வழக்குகளில் அபார சிரத்தை உடையவரும், அறுபத்தைந்து பிராயத்தைத் தாண்டியவருமான ஒரு மாம்பலத்துக் கனவான். அவரிடம் இருப்பது ஒரு மாருதி 800. அந்த ரகத்தின் முதல் காருடைய சாவியை 1983 டிசம்பரில் பிரதம மந்திரி இந்திரா காந்தி கொடுத்ததையும், 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றுபோனதையும், தம் குடும்பத்தின் ஜனன மரணங்களோடு சேர்த்தே அவர் நினைவில் வைத்திருக்கிறார். "796 சி.சி., மூன்று சிலிண்டர். இதற்குமேல் மனுஷனுக்கு எதற்கு?" என்று அவர் கேட்கும்போது, உள்ளதையே உபயோகிக்காதவர் அதிகத்தை வேண்டாமென்பது நியாயந்தானே என்று நமக்குத் தோன்றும்.

காரை எடுக்காமலிருப்பதற்கு அவரிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. மழைக்காலத்தில் சேறு, வெயில் காலத்தில் தார் ரோட்டின் சூடு டயருக்கு ஆகாது, காலையில் பள்ளிக்கூட வாகனங்களின் நெரிசல், மாலையில் ஆபீஸ் கூட்டம், இரவிலோ எதிரே வருகிற வண்டிகளின் விளக்கு கண்ணைக் கூசச் செய்யும். முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்தில் வண்டியை நிறுத்த இடம் கிடைக்காது. முகூர்த்தமில்லாத நாளில் போக வேண்டிய அவசியமே இல்லை. இவ்வாறு வருஷத்தின் எல்லாப் பருவங்களையும், நாளின் எல்லா யாமங்களையும் அவர் விலக்கி வைத்துவிட்டபடியால், குடும்பத்தார் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் போய் வருகிறார்கள், அவரும் அப்படியே. இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது மட்டும், நஷ்டஈடே கோராதவர்களுக்கு அளிக்கப்படும் அதிகபட்சச் சலுகையான 50 சதவீதம் தமக்குக் கிடைத்திருப்பதை நாலு பேரிடம் காட்டி மகிழ்வார். ஷெட்டில் நிற்கிற வண்டி எதன்மேல் மோதும் என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. மரியாதை காரணமாக இருக்கலாம்.

ஆனால் அவருடைய குணாதிசயம் முழுவதும் பிரகாசிப்பது ஆயில் மாற்றும் விஷயத்திலேதான். கார்க் கம்பெனிகள் பெரும்பாலும், 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றும்படி விதித்திருக்கின்றன. இந்த விதியின் முற்பாதியைப் பற்றி நம் கனவானுக்கு அனுபவ ஞானம் கிடையாது. அவர் வீட்டில் எப்போதும் முந்துவது காலண்டரே. நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் தேதி, மீட்டர் காட்டிய எண், ஆயிலின் பெயர், பில் நம்பர், ஃபில்டரின் விலை என்று பத்தி பிரித்து, சிவப்பு மையால் கோடிட்டு எழுதி வைத்திருக்கிறார். சென்ற முறை ஆயில் மாற்றியதற்கும் இம்முறை மாற்றுவதற்கும் இடையே வண்டி ஓடிய தூரம் என்ற கடைசிப் பத்தியில், ஒரு வருஷத்துக்கு நேரே 62 என்று இருந்ததை நான் கண்ணாரக் கண்டேன். இரண்டு சைபர் விடுபட்டிருக்குமோ என்று விசாரித்ததில், விடுபடவில்லை என்று தெரிந்தது.

ஆயில் வாங்குவது என்பது அவருக்கு ஒரு முழு நாள் காரியம். பக்கத்துக் கடையில் வாங்கமாட்டார், போலி இருக்குமாம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் பஸ்ஸில் போய், இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு, டப்பாவின் சீலையும், தயாரித்த தேதியையும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு வாசித்து, மூன்று லிட்டரும் ஒரு ஃபில்டரும் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே திரும்பி வருவார். காலியான டப்பாவை முழுதாகக் குப்பையில் போடவும் மாட்டார்; யாராவது பொறுக்கிக்கொண்டு போய் அதில் கழிவெண்ணெயை நிரப்பி விற்றுவிட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும் என்று, கத்தியால் நெடுக்காகக் கிழித்த பிறகே எறிவார். இந்த ஒரு வழக்கத்தை எல்லாரும் கைக்கொண்டால் ஊருக்கு நல்லதுதான்.

அவருக்கு எதிர்வீட்டில் ஒரு பிரதிவாதி உண்டு. அவரும் கார் வைத்திருக்கிறார், அவரும் ஓட்டுவதில்லை, ஆயிலும் மாற்றுவதில்லை. "ஓடாத வண்டிக்கு எதுக்கு சார் ஆயில்? சமைக்காத சட்டியைத் தேய்ப்பாங்களா?" என்பது அவருடைய சித்தாந்தம். கேட்பதற்குப் பரம நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஆயில், வண்டி ஓடினால்தான் கெடும் என்பதில்லை; எஞ்சினைக் கிளப்பி, சூடேறுமுன் நிறுத்தினாலும் கெடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தால் அது சைலென்சர் வழியே தொலைந்துபோகும்; சூடேறாத எஞ்சினிலோ, பிஸ்டன் வளையங்களின் சந்தில் கசிந்து இறங்கிய ஆவி ஆயில் சேம்பருக்குள்ளேயே குளிர்ந்து நீராகி, எரியாத பெட்ரோலோடும் சிறிதளவு அமிலங்களோடும் கலந்து, துருவையும் அமிலத்தையும் தடுப்பதற்காக ஆயிலில் சேர்த்திருக்கும் மருந்துகளைச் சிறுகச் சிறுகத் தின்று தீர்க்கிறது. பத்து மாதம் இப்படி ஊறிக் கிடந்த ஆயில் பார்வைக்குப் பொன்னிறமாகவே இருக்கலாம். நாள்தோறும் நூறு மைல் ஓடும் டாக்ஸியின் ஆயில் கன்னங்கரேலென்று இருக்கும். கறுத்த ஆயில் கரியைத் தன்னுள் ஏற்று வேலை செய்திருக்கிறது என்பதை அறியாதவர்கள், நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லி ஏமாறுகிறார்கள்.

ஆகவே, வருஷத்துக்கு ஒரு முறை மாற்றியே தீரவேண்டும் என்ற நம் கனவானின் கட்சி சரியானது. எதிர்வீட்டுக்காரர் கட்சி தவறானது. இத்தோடு நான் நிறுத்திக்கொண்டால் கனவானுக்குப் பரம திருப்தியாக இருக்கும். ஆனால் அவர் தினந்தோறும் காலையில் காப்பி சாப்பிட்டவுடன் செய்கிற ஒரு நித்திய கர்மத்தையும் சொல்லத்தான் வேண்டும். உறையைப் பாதி விலக்கி, உள்ளே புகுந்து, சாவியைத் திருகி, எஞ்சினைச் சரியாக இரண்டு நிமிஷம் உறுமவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து நிறுத்திவிட்டு, வண்டியின் ஆரோக்கியத்துக்கு வேண்டியதைச் செய்துவிட்ட பெருமிதத்தோடு இறங்கி வருவார்.

ஆயில் மாற்றும் நாளன்று இந்தக் கர்மத்தின் பலன் வெளிப்பட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மெக்கானிக் இளைஞன் பானெட்டைத் திறந்து, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, உட்புறத்தை விரலால் வழித்துக் காட்டினான். மஞ்சள் கலந்த வெளுப்பாக ஒரு பசை அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"தெனம் ஸ்டார்ட் பண்றீங்களா சார்?"

"ஒரு நாள் தவறினதில்லை தம்பி. ரெண்டு நிமிஷம்."

"அதான் சார். தண்ணியும் ஆயிலும் சேர்ந்து இப்படி ஆயிருக்கு. ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்றதுக்குப் பண்ணாமலே விட்டுடலாம். பேட்டரியும் அதுலதான் இறங்குது. ஸ்டார்ட்டர் இழுக்கிற கரண்டு ரெண்டு நிமிஷத்துல திரும்ப ஏறாது."

கனவான் பதில் சொல்லவில்லை. கணக்கு நோட்டை எடுத்து, குறிப்பு என்ற பத்தியில், 'காரணம் ஆராயத்தக்கது' என்று எழுதிக்கொண்டார்.

மெக்கானிக்குக்கும் ஒரு பலவீனம் உண்டு. "ஃபில்டரை அடுத்த தடவை பார்த்துக்கலாம் சார், இது ஓடவே இல்லையே" என்று அவன் ஆரம்பித்ததும், கனவான் இழந்த கௌரவத்தை மீட்டுக்கொள்ளச் சமயம் வாய்த்தவராகப் பாய்ந்தார். பழைய ஃபில்டருக்குள் தங்கிவிடுகிற ஒரு டம்ளர் கெட்ட ஆயில் புதிய ஆயிலோடு கலந்துவிடும் என்பதையும், காகித மடிப்புகளும் ரப்பர் வளையமும் சும்மா இருந்தாலும் வயதாகுமென்பதையும் அவர் சாங்கோபாங்கமாக எடுத்துரைத்தார். புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயிலை விரலால் தடவச் செய்தார். ஸ்பானரை எடுக்கவிடாமல் கையாலேயே இறுக்கச் செய்தார். டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போடச் செய்தார். ஃபில்டரின் அடியில் வெள்ளைப் பெயிண்டால் தேதியையும் எழுதினார். மாற்றாமலே மாற்றிவிட்டேன் என்று அடுத்த முறை யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? வடித்த பழைய ஆயிலைக் கேனில் அடைத்து, கழிவு ஆயில் வாங்குகிறவர்களிடம் சேர்க்கும்படி பையனிடம் பத்திரமாக ஒப்படைத்தார். அதைச் சாக்கடையில் கொட்டுவது சட்டப்படியும் குற்றம்.

இவ்வளவு நடந்ததற்கும் முன்னால் நடந்த விஷயம்தான் என் மனத்தைக் கவர்ந்தது. ஆயில் சூடாகி இளகியிருந்தால்தான் அடியில் படிந்த கசடையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். ஆகையால் வடிப்பதற்கு முன் அரை மணி நேரமாவது வண்டியை ஓட்டிவிட்டு வரவேண்டும் என்று மெக்கானிக் முதல் நாளே சொல்லியனுப்பியிருந்தான். வருஷம் முழுவதும் ஆட்டோக்காரர்களோடு பேரம் பேசிக் களைத்த வீட்டம்மாள் இந்தச் செய்தியைச் சமையலறையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நாளைக்கு ஆயில் மாத்தறீங்களா? அரை மணி ஓடணுமாமே? அடையாறுல அண்ணன் வீடு சரியா அரை மணி. போறப்போ மயிலாப்பூர் வழியாப் போனா கபாலீசுவரர் கோயிலும் ஆச்சு."

மறுநாள் காலையில் உறை முழுவதுமாக விலகியது. பட்டுப்புடவை உடுத்தி, அண்ணன் வீட்டுக்கென்று முறுக்கு டப்பாவும் எடுத்துக்கொண்டு அம்மாள் முன் ஸீட்டில் அமர்ந்தார். மழை, வெயில், நெரிசல், விளக்கு வெளிச்சம் ஆகிய எந்த ஆட்சேபமும் அன்று எழவில்லை. எஞ்சினுடைய க்ஷேமத்தை உத்தேசித்துச் செய்யும் பிரயாணத்தில் மனிதர்கள் ஏறிக்கொள்வதைக் கனவானால் எப்படி ஆட்சேபிக்க முடியும்? அவர்கள் திரும்பி வந்து, வேலையெல்லாம் முடிந்து, மெக்கானிக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, அம்மாள் அவனுக்குக் காப்பி கொடுத்தபடியே மெதுவாகக் கேட்டார்:

"ஏம்பா, வருஷத்துக்கு ரெண்டு தடவை மாத்தினா வண்டிக்கு இன்னும் நல்லதில்லையா?"

அவன் அம்மாளையும் பார்த்தான், ஐயாவையும் பார்த்தான். "தப்பே இல்லம்மா" என்றான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி உறைக்குள் இருக்குமானால், எஞ்சினை நின்ற இடத்திலேயே இரண்டு நிமிஷம் உறுமவிடும் வழக்கத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள். ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்தே வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். அந்த அரை மணிக்கு எங்கே போவது என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.