வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு வாழ்த்து

வெள்ளிக்கிழமை மூன்று மணியே, நீ வாழ்க.

அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழு கூட மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையையும் அதில் உன்னையும் பொறுக்கி எடுத்தவர்கள் நன்றாக யோசித்திருக்கிறார்கள். அந்நேரம் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது. தலைமையாசிரியர் இருக்கிறார். செயலியில் வருகை பதிய ஆசிரியர் இருக்கிறார். செயலி மக்கர் செய்தால் வட்டார அலுவலகத்தில் போனை எடுக்க ஆள் இருக்கிறார். நாலரைக்கு முடித்துவிட்டு அவரவர் பஸ்ஸைப் பிடிக்கலாம். யாருடைய விடுமுறையும் கெடாது. இத்தனை பேருக்கு ஒத்துவருகிற இன்னொரு நேரம் வாரத்தில் கிடையாது.

திருத்தணியைச் சுற்றியுள்ள ஊர்களில் அப்போது விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும். நெய்த அளவுக்குத்தான் கூலி. தறி நின்றால் கூலியும் நின்றது. ஒரகடம் பக்கம் கம்பெனிக்குப் போனவர் வந்து இறங்க இருட்டிவிடும். காலை ரயிலில் சென்னைக்குப் போனவர் திரும்பும்போது பிள்ளை பாதித் தூக்கத்தில் இருக்கும். அவர்களில் ஒருவருடைய பிழைப்பிலும் நீ குறுக்கிடவில்லை. அவர்களை அழைக்கிறாய், அவர்கள் வராததைப் பொறுத்தும் கொள்கிறாய். அந்தப் பெருந்தன்மை எல்லா நேரத்துக்கும் வராது.

சட்டத்தையும் நீ மீறியதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், குழுவில் நால்வருக்கு மூவர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. அருமையான சட்டம். குழுவில் அத்தனை பெயரும் இருக்கின்றன. பதிவேட்டில் கையெழுத்தும் இருக்கிறது. பதிவேடு பிள்ளையின் பையில் ஏறி வீடு தேடிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். வீட்டில் தெலுங்கு பேசி, தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் அம்மா, "எங்கே கண்ணு போடணும்?" என்று மட்டும் கேட்டுப் போட்டுக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்க அடுப்பு விடவில்லை.

ஆசிரியருக்கும் நீ நல்லதே செய்கிறாய். காலை முதல் எண்ணும் எழுத்தும் திட்டம், பயிற்சித்தாள், செயலிப் பதிவு என்று ஓடியவர், மூன்று மணிக்கு நாலாம் வகுப்பை ஐந்தாம் வகுப்போடு உட்காரவைத்துவிட்டுக் கூட்டத்துக்கு வருகிறார். வராத பெற்றோரிடம் சொல்ல வேண்டியதை ராத்திரி எட்டு மணிக்குத் தன் வீட்டிலிருந்து, தன் போனில், தன் பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கு நடுவே சொல்கிறார். உண்மையான கூட்டம் அதுதான். அதற்குப் பதிவேடு கிடையாது.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. குழுவை அமைக்கும் நாட்களில் உன்னை யாரும் நினைப்பதில்லை. 2022 மார்ச் 20 அன்று குழு அமைப்பதை விளக்க மாநிலம் முழுக்கப் பெற்றோரைப் பள்ளிக்குக் கூப்பிட்டார்கள், அது ஞாயிற்றுக்கிழமை. 2024 ஆகஸ்டில் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது சனிக்கிழமைகள். பெற்றோர் வரவேண்டும் என்று நினைத்த நாட்களில் அவர்களுடைய நாளைத்தான் பார்த்திருக்கிறார்கள். தேர்ந்தெடுக்க விடுமுறை நாள், வாய் திறந்து பேச வேலை நாள்.

நாள் குறிக்கத் தெரிந்த ஒருவர் இந்தத் திருத்தணி மலைக்கு முன்பே வந்திருக்கிறார். புத்தாண்டன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கும்பிடப் போன உத்தியோகஸ்தர்களை முருகனிடம் திருப்ப நினைத்தார் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். டிசம்பர் 31ஐத் திருப்படித் திருவிழாவாக்கினார். சாமிக்கு எது வசதி என்று அவர் பார்க்கவில்லை. மனிதர்கள் எப்போது கிளம்பி வருவார்கள் என்று பார்த்தார். இன்றும் அந்த இரவில் 365 படிகளிலும் கால் வைக்க இடம் கிடைப்பதில்லை.

உன்னிடம், மூன்று மணியே, ஒரு வகுப்பறையும் பத்து நாற்காலியும் நாலு அம்மாக்களும் இருக்கிறார்கள். புகைப்படம் எடுத்தாகிவிட்டது. கடைசி நாற்காலியில் இருப்பவள் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் எப்போது போடுவீர்கள் என்று கேட்க வேண்டும் அவளுக்கு. மணி நாலரை ஆகப்போகிறது.