பரகாயப் பிரவேசம்

சேர்வராயன் மலைக்கு வந்து குடியேறுகிற பெரிய மனிதர்களை, அவர்கள் வந்து சேர்ந்த இரண்டாம் வருஷத்திலேயே ரகம் பிரித்துவிடலாம். ரோஜா வளர்ப்பவர் ஒரு ரகம். டாக்டர் சொன்னாரென்று ஏற்காட்டு ஏரியைச் சுற்றி நடப்பவர் ஒரு ரகம். காபி விலையையும் காட்டெருமையையும் மாறிமாறி நிந்தித்துக்கொண்டு காலட்சேபம் செய்பவர் மற்றொரு ரகம். இவர்களால் ஊருக்கு உபத்திரவம் அதிகமில்லை. ஆனால் பழைய கார் ஒன்றை, அது பழையது என்ற ஒரே காரணத்துக்காக உயிரினும் மேலாக நேசித்து, அந்த நேசம் முற்றிய நிலையில் அதன் எஞ்சினைக் கழற்றி அப்புறப்படுத்திவிட்டு அந்த இடத்தில் வேறொரு புதிய எஞ்சினைக் குடியேற்றுகிறவரை உறக்கம் கொள்ளாத ரகம் ஒன்றுண்டு. தலைச்சோலைப் பக்கத்தில் காபித் தோட்டமும் ஓட்டுவீடும் தகரக் கொட்டகையுமாக வாழும் நம் நண்பர், இந்த ரகத்தின் உத்தம லட்சணங்கள் யாவும் ஒருங்கே அமையப் பெற்றவர்.

வீட்டுக்கு வந்தவரை "வாங்க" என்று சொல்லி நாற்காலியைக் காட்டுவது உலக வழக்கம். நண்பர் "வாங்க" என்று சொல்லிக் கொட்டகையைக் காட்டுவார். கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தவரும், மிளகு விலை பேச வந்த வியாபாரியும், வழி தப்பி வந்த சுற்றுலாக்காரரும் அங்கேதான் வரவேற்கப்படுவர். கையில் கிரீஸ் இருப்பதால் கைகூப்பமாட்டார், மணிக்கட்டை நீட்டுவார். வந்தவர் அந்த மணிக்கட்டைப் பற்றிக் குலுக்கிய மறுகணமே வண்டியின் முன்பாகம் முழுவதும், இரண்டு மட்கார்டுகளோடும் விளக்குகளோடும் சேர்ந்து, முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். சம்பாஷணை அதற்கு உள்ளிருந்து தொடங்கும்.

வண்டி, பெருங்களத்தூர் ஆலையில் 1960-களில் பிறந்த இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லலாகுமா என்று ஒரு புதிய ஆசாமி வெகுளித்தனமாகக் கேட்டுவிட்டால், அவருடைய அன்றைய மத்தியான போஜனம் தாமதமாகும். ஹெரால்டின் உருவத்தை வரைந்தவர் மிக்கலோட்டி என்ற இத்தாலியர். 1962-இல் வெளிவந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற அசல் ஸ்போர்ட்ஸ் காரை வரைந்தவரும் அவரே. அந்த ஸ்பிட்ஃபயரின் அடிச்சட்டம் ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கிச் செய்ததே. சோழவரத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களில் ஹெரால்டுகள் ஓடியதைக் கண்டவர்கள் இன்னும் ஜீவித்திருக்கிறார்கள். ஆகவே இது ஸ்போர்ட்ஸ் கார் என்பது அவருடைய சித்தாந்தம். சொல்கிற விவரம் ஒன்றிலும் பிழை கிடையாது. ஆனாலும் மிராசுதாருக்கு ஒன்றுவிட்ட சகோதரர் என்பதனால் ஒருவருக்கு நிலம் வந்துவிடுவதில்லை என்பதை அவரிடம் யார் எடுத்துச் சொல்வது?

உள்ளபடியே பார்த்தால், ஹெரால்டு இந்த மலைக்குப் பாதிதான் பொருத்தமான வண்டி. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஹெரால்டோ வெறும் இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடக்கூடியது. மற்றக் கார்கள் வளைவில் ஒருமுறை தயங்கி எதிரே வரும் பஸ்காரரின் வசவை வாங்கிக்கொள்ளுகிற இடத்தில், இது கூச்சமில்லாமல் திரும்பும். திரும்பிய பிறகு ஏறவேண்டுமே, அங்கேதான் சங்கடம். அதன் 948 சி.சி. எஞ்சினுக்குக் கடல் மட்டத்திலேயே முப்பத்தைந்து குதிரைத்திறனுக்கு மேல் இல்லை. சமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்திலுள்ள ஏற்காட்டில் காற்று மெலிந்துவிடுவதால், அதிலும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வழியிலேயே கரைந்துபோகும். காற்று குறைந்ததை அறியாத கார்புரேட்டர் பழைய கணக்குப்படியே பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்க, எஞ்சின் அதைச் செரிக்கமாட்டாமல் கறுப்புப் புகை கக்கும். போதாக்குறைக்கு இந்த உயரத்தில் தண்ணீர் தொண்ணூற்றைந்து டிகிரியிலேயே கொதித்துவிடுமாதலால், ரேடியேட்டரின் பொறுமையும் சீக்கிரம் எல்லைக்கு வந்துவிடுகிறது. பன்னிரண்டாம் வளைவருகே முன்பாகத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு, குரங்குகள் சுற்றி அமர்ந்திருக்க, நண்பர் ஆவி அடங்கக் காத்திருந்த காட்சியைக் காணாத பஸ் பிரயாணிகள் அந்நாளில் குறைவு.

இப்படிப்பட்ட அவமானம் நேர்ந்தால் சாமானியர் வண்டியை விற்றுவிடுவர். பக்தர்கள் எஞ்சினைச் சீர்செய்து, "வயசானது, மெதுவாத்தான் போகும்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அதனோடு தாமும் மெதுவாகப் போவர். நம் நண்பரின் ரகம் இரண்டிலும் சேராது. முதுமையின் அழகு அவருக்கு வேண்டும், முதுமையின் மூச்சிரைப்பு ஆகாது. மூலன் என்ற இடையனின் உடலில் ஒரு யோகி புகுந்து திருமூலரானார் என்பது நம்மவர் அறிந்த விருத்தாந்தம். யோகிக்கு உடல் அகப்பட்டது தற்செயல். நண்பர் உடலைத் தயாராக வைத்துக்கொண்டு உள்ளே புகவேண்டியவரை ஊர் ஊராகத் தேடினார்.

தேடுவதற்கு முன்பே நியாயங்கள் தயாராகிவிட்டன. அவருடைய ஆதிகுரு கேரல் ஷெல்பி என்ற டெக்சாஸ்காரர். இந்த ஷெல்பி முதலில் கோழிப்பண்ணை வைத்து, கோழிகள் நோயில் மாண்டு நஷ்டப்பட்டு, பிறகு கார்ப் பந்தயத்தில் புகுந்து 1959-இல் லெ மான் பந்தயத்தை வென்றவர். (நாமக்கல்லில் பிறந்திருந்தால் முட்டையோடு நின்று நிம்மதியாக இருந்திருப்பார்.) இங்கிலாந்தில் 1953 முதல் செய்துவந்த ஏ.சி. ஏஸ் என்ற சின்னஞ்சிறு ஸ்போர்ட்ஸ் காருக்கு பிரிஸ்டல் கம்பெனியின் எஞ்சின் வரத்து நின்றுபோகவே, அதில் ஃபோர்டின் எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி 1962-இல் கோப்ரா என்ற ராட்சசனை உண்டாக்கினார். அத்தோடு விட்டாரா? இருதய நோயால் பந்தயத்தைத் துறந்த அந்த மகானுபாவர், 1990-இல் தம் மார்புக்குள்ளேயும் வேறொருவரின் இருதயத்தை மாற்றிப் பொருத்திக்கொண்டு, 2012 வரையில் உயிர்வாழ்ந்தார். இந்தக் கடைசி விவரத்தைச் சொல்லும்போது நண்பரின் குரல் தழுதழுக்கும். சொல்லி முடித்ததும் வந்தவரின் மார்பை ஒருமுறை கூர்ந்து பார்ப்பார். எனக்கு அந்தப் பார்வை பிடிப்பதில்லை.

அயல்நாட்டு உதாரணம் வேண்டாமென்பவர்களுக்குச் சுதேசி உதாரணங்களும் உண்டு. பாரத தேசத்தின் கார்த் தொழிலே எஞ்சின் மாற்றும் தொழில்தான் என்று அவர் வாதிப்பார். இந்த வாதத்தில் எனக்குத் தெரிந்து ஓட்டையில்லை. 1984-இல் வந்த கான்டெஸா, வாக்ஸாலின் எழுபதுகளுக்குரிய மேனிக்குள் அம்பாஸடரின் கிழட்டு எஞ்சினை வைத்துக்கொண்டு கல்யாண ஊர்வல வேகத்தில் போய்க்கொண்டிருந்து, இசுஸு எஞ்சின் ஏறிய பிறகே கார் என்ற பெயருக்குத் தகுதியாயிற்று. அடுத்த வருஷம் வந்த பிரீமியர் 118 என்.இ. உடலால் ஃபியட், உள்ளத்தால் நிஸான். ஹெரால்டைச் செய்த அதே ஸ்டாண்டர்டு கம்பெனியோ, எதிர்த்திசையில் பிரயாணம் செய்து, ரோவர் எஸ்.டி.1 என்ற நவநாகரிக உடலுக்குள் 1940-களின் வேன்கார்டு எஞ்சினை இறக்கி, 'ஸ்டாண்டர்டு 2000' என்று நாமகரணமும் செய்து 1985-இல் விற்றது. வாங்கியவர்கள் அதிகமில்லை. "பெரிய கம்பெனி பண்ணினா மாடல், நான் பண்ணினா கிறுக்கா?" என்று நண்பர் கேட்கும்போது பதில் சொல்லத் தெரியாமல் நான் காபியைக் குடித்துவிடுவேன். அவர் விடமாட்டார். அந்தக் காபியே இந்த மலைக்கு வெள்ளைக்காரக் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்ததுதானே, அதற்கு நிழல் தருகிற சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம்தானே, அதன்மேல் ஏறுகிற மிளகு மட்டும் என் ஹெரால்டுக்குள் ஜப்பான் எஞ்சினைக் கண்டு முகம் சுளிக்குமோ என்பார்.

சென்னை புதுப்பேட்டையில் அவருக்கு அகப்பட்டது மாருதி ஜிப்ஸி கிங்கின் 1298 சி.சி. எஞ்சின். அலுமினியத்தாலானது, பழைய இரும்புக் கட்டியைவிட இலேசு, எண்பது குதிரைத்திறன், காற்றின் அழுத்தத்தை உணர்ந்து பெட்ரோலைத் தானே அளந்து தெளிக்கிற மூளை பெற்றது. ஜிப்ஸியின் எஞ்சின் நெடுவாட்டில் அமர்ந்து பின்சக்கரத்துக்கு விசை தருவதாலும், நாலு சக்கரத்துக்கும் விசை பிரிக்கிற பெட்டி அதில் தனியே இருப்பதால் அதைக் கழற்றி வைத்துவிடலாமென்பதாலும், தேர்வு என்ற அளவில் குற்றம் சொல்ல வழியில்லை. சேலத்திலிருந்து மெக்கானிக் பாய் வரவழைக்கப்பட்டார். அவர் இரண்டு எஞ்சின்களையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, சாவதானமாகச் சொன்னார்: "எஞ்சின் உக்காந்துரும் சார். உக்காந்ததுக்கு அப்புறம்தான் மத்த வேலையெல்லாம் எந்திரிக்கும்."

அந்த வாக்கு பலித்தது. எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்குகளை வெட்டி வெல்டிங் செய்தபோது, ஸ்டீயரிங் தண்டு குறுக்கே வந்தது. ஸ்டீயரிங் தண்டுக்கு வழிவிட்டபோது சைலன்சர் குழாய்க்கு வழியில்லாமற் போயிற்று. ஜிப்ஸியின் கியர் பெட்டிக்கும் ஹெரால்டின் பின் அச்சுக்கும் இடையே ஓடவேண்டிய ஷாஃப்டை லேத்தில் கொடுத்து நீளம் திருத்தி, சமன்பார்த்து வாங்கவேண்டியிருந்தது. பாட்டரியின் நேர்முனையை வண்டியின் உடலோடு சேர்ப்பது பழைய ஆங்கிலேய சம்பிரதாயம். புதிய எஞ்சினின் மூளைக்கோ எதிர்முனைதான் உடலில் சேரவேண்டும். ஆகவே வயரிங் முழுவதும் மறுபிறப்பெடுத்தது. கொட்டகையின் தரையில் வண்ண வண்ணமாக வயர்கள் பரவிக் கிடந்த அந்த மாதங்களில், நண்பர் இருபது வயது குறைந்து காணப்பட்டார் என்பதை மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். இந்த ரகத்தினருக்கு வண்டி ஓடுவது ஆனந்தம் அல்ல. 'அடுத்த வாரம் ஓடிவிடும்' என்பதே ஆனந்தம். அந்த அடுத்த வாரத்தில் அவர்கள் வருஷக்கணக்கில் வசிப்பார்கள்.

வீட்டு அம்மாள் இந்தக் காரியத்தில் தலையிடுவதில்லை. ஒரே ஒருமுறை, களத்தில் காபிக்கொட்டை காய்வதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழியில் கொட்டகை வாசலில் நின்று கேட்டார்: "என்னங்க, ஏறுறதுக்கு இத்தனை பண்றீங்களே, இறங்குறதுக்கு என்ன பண்ணியிருக்கீங்க?"

பாய் சிரிப்பை அடக்க ஸ்பானரைத் தேடினார். ஏனென்றால் ஹெரால்டுக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். முப்பத்தைந்து குதிரைகளை நிறுத்துவதற்கென்று ஏற்பட்டது. இருபது வளைவும் தொடர்ந்து மிதித்து இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிமானம் தளர்ந்துவிடும். அதன் பின்சக்கரங்களுக்கோ, வேகமாக வளைவில் போய்ச் சட்டென்று காலை எடுத்தால் உள்ளே மடங்கிக்கொள்ளும் துர்ப்பழக்கம் பிறவியிலேயே உண்டு. பின் அச்சின் பற்சக்கரங்களும் எண்பது குதிரையை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவையல்ல. அம்மாளின் ஒரு கேள்வியால் எஸ்டிமேட் இரட்டித்தது. நண்பரின் முகமும் மலர்ந்தது.

கடைசியில் வண்டி ஓடிற்று. நிஜமாகவே நன்றாக ஓடிற்று. அப்போதுதான் ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண்ணை மாற்றி எழுதச் சொல்லி அவர் சர்க்கார் வாசலுக்குப் போனார். அங்கே ஒரு குமாஸ்தா மிகுந்த மரியாதையுடன் விளக்கினார்: 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி குறித்த விவரங்களிலிருந்து வண்டி இப்படி மாறக்கூடாது, உச்சநீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்திவிட்டது. சரி, ஐம்பது வயது கடந்த வண்டியாயிற்றே, 2021-இல் ஏற்பட்ட விதிப்படி புராதன வண்டியாகப் பதிந்துகொள்ளலாமே என்றார் நண்பர். "தாராளமா பதியலாம் சார். அதுக்கு எஞ்சின் அசலா இருக்கணும்" என்றார் குமாஸ்தா.

ஆகவே இருபது வளைவுகளையும் ஜெயிப்பதற்கென்று பிறப்பிக்கப்பட்ட அந்த எண்பது குதிரைகளும் இப்போது பங்களாவுக்கும் காபிக் களத்துக்கும் நடுவிலுள்ள தோட்டத்துச் சொந்தப் பாதையில் சஞ்சரித்துவருகின்றன. பழம் பறிக்கும் பருவத்தில் பின்ஸீட்டில் இரண்டு சாக்கு காபிப் பழமும் ஏற்றப்படும். நண்பர் சட்டத்துக்குப் பயந்த மனிதர், கேட்டைத் தாண்டமாட்டார். கேட்டுவரைக்கும் அவர் வருகிற வேகத்தைக் கண்டு வாட்ச்மேன் தம் நாற்காலியைக் காம்பவுண்டுக்கு வெளியே மாற்றிப் போட்டுக்கொண்டார்.

நான் அனுதாபப்படப் போனேன். மனிதர் உற்சாகத்தின் சிகரத்தில் இருந்தார். வராந்தாவில், துடைத்து எண்ணெய் பூசிப் பழைய வேட்டியால் போர்த்தப்பட்டு, அந்த 948 சி.சி. எஞ்சின் வீற்றிருந்தது. அசல் எஞ்சின் கைவசம் இருக்கிறது. அதற்குப் பொருத்தமான ஹெரால்டு உடல் ஒன்று கிடைத்துவிட்டால் புராதன வண்டியாகவே பதிந்துவிடலாம், எவனும் குறை சொல்ல முடியாது என்றார். அந்த வேறு உடலில் வேறு எண் பொறித்த எஞ்சின் இருந்திருக்குமே, அதிகாரி அதையும் கேட்பாரே என்று நான் ஞாபகப்படுத்தினேன். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கையை வீசினார். தர்மபுரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எஞ்சினே இல்லாத ஹெரால்டு ஒன்று வேப்பமரத்தடியில் நிற்கிறதாம். முன்ஸீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருப்பதால், குஞ்சு பொரித்து அது எழுந்திருக்கும்வரை வண்டியை நகர்த்தக்கூடாது என்று வீட்டுக்காரக் கிழவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம். பாயை அனுப்பி முன்பணம் கொடுத்தாயிற்று.