125 எக்ஸ் மருமவன்

மருமவனே, பெட்டியில 125 எக்ஸ்னு பெருசா போட்டிருக்குன்னு சொன்னீரு பாரும், அப்ப உம்ம முகத்துல வந்த வெளிச்சம் எம் மவளைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கிக்கூட வரல. எனக்கென்ன வே தெரியும், நான் காட்டுல களை பறிக்கிறவன். ஏதோ வாலிபத்துல டவுனு ஸ்டூடியோ இருட்டறைக்குள்ள கொஞ்ச காலம் நின்னு தட்டு ஆட்டியிருக்கேன், அவ்வளவுதான். அதனால தெரியாமத்தான் கேக்கேன்: 125 எக்ஸ்னா, எதைவிட 125?

கடைக்காரப் பையன் சொல்லுதானா, கண்ணுக்குத் தெரியறதைவிட 125 மடங்கு கிட்ட வரும்னு? சொல்லுவான். நீரு தலையாட்டுனா இன்னும் சொல்லுவான். அது நிகான் பி1000, 2018-ல வந்த மிசின். அகலமா வச்சா 24 எம்.எம். லென்சு பாக்கிற பார்வை, கடைசி வரைக்கும் இழுத்தா 3000. 3000-ஐ 24-ஆல வகும். 125 வருதா? அம்புட்டுத்தான் சூத்திரம். நீரு கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவரு, வகுத்தல் கணக்கை மாமன் சொல்லித்தர வேண்டியிருக்கு. சாதாக் கண்ணுக்கு 50 எம்.எம்.னு நாம எல்லாரும் பழகி வச்சிருக்கோம். அதுலேர்ந்து பாத்தா 60 மடங்குதான் தேறும். மீதி 65-ஐ அந்தப் பையன்கிட்டயே கேட்டு வாங்கியாரும்.

உம்ம பென்டாக்ஸ் கே1000-ல ஒரு 80-200 மாட்டி வச்சிருக்கீரே, அது எத்தனை எக்ஸ்? ரெண்டரை. அந்த ரெண்டரையை வச்சுத்தான் ஆண்டு விழா, தேரோட்டம், எம் மவ சீமந்தம்னு எல்லாத்தையும் எடுத்துத் தள்ளுனீரு. ஒருத்தனாவது வந்து, "வாத்தியாரே, படம் நல்லாருக்கு, எக்ஸ்தான் பத்தல"ன்னு சொன்னானா?

சரி, நீளம் வேணும்னு ஆசை வந்துட்டு. வரட்டும். ஆனா நீளத்துக்கு விலை ரூவாயில மட்டும் இல்ல, வெளிச்சத்துலயும் குடுக்கணும். அந்த லென்சு அகலத்துல 2.8 வரைக்கும் திறக்கும். முழுசா இழுத்தா 8-க்கு மேல திறக்காது. மூணு ஸ்டாப்பு போச்சு, எட்டுல ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ள வரும். ஃபிலிம் டப்பாவுல ஒரு துண்டுச் சீட்டு வரும், ஞாவம் இருக்கா? சுள்ளுன்னு வெயிலடிச்சா 16-ல வையி, ஷட்டரை ஃபிலிம் வேகத்துக்கு ஒத்து வையின்னு. அந்தப் பழைய சீட்டை வச்சே கணக்குப் போடும். 100 வேகத்துக்கு 16-ல 1/100. 8-ல திறந்தா 1/400. கையில புடிச்சு எடுக்கணும்னா லென்சு நீளத்துக்குத் தக்கன ஷட்டரு வேணும்னு நீருதானே எல்லாப் பயலுக்கும் பாடம் எடுப்பீரு? அப்ப 3000-த்துக்கு 1/3000. 1/400-லேர்ந்து அங்க போகணும்னா அந்த 100 வேகத்தை, அதான் ஐ.எஸ்.ஓ.வை, 800-க்கு ஏத்தணும். இதெல்லாம் உச்சி வெயிலுக்கு! கொக்கு கூட்டுக்குத் திரும்புத சாயங்கால வெளிச்சத்துக்கு நான் கணக்குப் போடல. உமக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு.

கை நடுக்கத்தைக் கேமராவே பாத்துக்கிடும்னு சொல்லுவீரு. பாத்துக்கிடும், வாஸ்தவம், நல்லாவே பாத்துக்கிடும். உம்ம கையைத்தான் பாத்துக்கிடும். கொக்கு கழுத்தைத் திருப்புனா அதை யாரு புடிச்சு நிறுத்தப் போறா?

இதுல இன்னொரு கூத்து இருக்கு. ஃபிலிமுக்குப் பதிலா உள்ள ஒரு சில்லு வச்சிருக்கான், சென்சாரு. உம்ம நெகடிவ் ஒரு கட்டம் 36-க்கு 24 எம்.எம். 864 சதுர எம்.எம். இந்த நீள மூக்கு கேமராவுல இருக்கிறது கிட்டத்தட்ட 6.2-க்கு 4.6, அதாவது 28 சதுர எம்.எம். முப்பதுல ஒரு பங்கு வே! சில்லு சின்னதா இருக்கப் போய்த்தான் 3000-ங்கிற பார்வையே அதுக்குக் கிடைக்கி. உள்ள இருக்கிற லென்சோட நெச நீளம் 539-தான். அந்த நகத்துணுக்குல 1 கோடியே 60 லட்சம் புள்ளி. ஒரு செண்டு புஞ்சையை அத்தனை பங்காளி பிரிச்சுக்கிட்டா ஆளுக்கு என்ன தண்ணி பாயும்? மழை கொட்டுற அன்னைக்கி எல்லாரும் சிரிச்சுக்கிட்டு நிப்பாங்க. வானம் மூடுனாத்தான் பங்காளிச் சண்டை தெரியும். படம் பூராவும் மணல் கொட்டுன கணக்கா வரும். கேமரா அந்த மணலைத் துடைக்கேன்னு சொல்லி, கூடவே இறகையும் சேத்துத் துடைச்சிப்புடும். நீரு பெருசு பண்ணிப் பாத்தா கொக்கு மெழுகுல செஞ்சது.

கொஞ்சம் பெரிய சில்லுல செஞ்சதும் இருக்கு. ஒரு இஞ்சு சென்சாருன்னு பேரு. ஸ்கேலை எடுத்துக்கிட்டுப் போயிராதீரும், அது 13.2-க்கு 8.8 எம்.எம்.தான், அரை இஞ்சை லேசாத் தாண்டும். டி.வி. கேமராவுல குழாய் வச்சிருந்த காலத்துக் கணக்கை இன்னும் விடாமப் புடிச்சிக்கிட்டு இருக்கான். ஆனாலும் அந்தச் சின்னச் சில்லைவிட நாலு மடங்கு பெருசு. பானசோனிக் எஃப்.இசட்.1000-னு ஒண்ணு 2014-ல வந்தது, 25-லேர்ந்து 400 வரைக்கும், 2.8-4. சோனி ஆர்.எக்ஸ்.10-ல நாலாவது 2017-ல, 24-லேர்ந்து 600, 2.4-4. கடைசி வரைக்கும் இழுத்தாலும் 4-ல நிக்கும் பாரும், அதுக்குத்தான் காசு. பெட்டியில 16 எக்ஸ், 25 எக்ஸ்னு அடக்கமாப் போட்டிருப்பான். கல்யாண வீட்டுல உம்ம 125-க்கு முன்னால இந்த 16 கூச்சப்பட்டு மூலையில நிக்கும். சாயங்காலம் இருட்டுன பொறவு எது முந்தின்னு பாத்துக்கிடலாம்.

மெகாபிக்சலு? அந்தப் பேச்சே வேண்டாம். நாலுக்கு ஆறு பிரிண்டு போட, இஞ்சுக்கு 300 புள்ளி வச்சா, 22 லட்சம் புள்ளி போதும். ரெண்டு கோடி இருந்தா 12-க்கு 18 போடலாம். அதுக்கும் மேல பெருசு போட்டு மாட்ட நம்ம வீட்டுல சுவரு இல்ல. இருக்கிற ஒரு சுவத்துலயும் உம்ம மாமியா முருகன் காலண்டரு மாட்டியிருக்கா. அவளும் இறங்க மாட்டா, முருகனும் இறங்க மாட்டாரு.

டிஜிட்டல் ஜூமுன்னு இன்னொரு நம்பரு சின்ன எழுத்துல போட்டிருப்பான், இதைவிடப் பெரிய நம்பரு. அதை நாங்க இருட்டறையில அப்பவே செஞ்சோம். என்லார்ஜரு தலையை மேல தூக்கி, படத்துல ஒரு மூலையை மட்டும் பெருசு பண்ணுறது. அதுக்கு ஸ்டூடியோவுல எக்ஸ்னு எதுவும் தனியா வசூலிக்கலை. மெனுவுல போயி அதை மொதல்ல அமத்தி வையும்.

நிலா எடுக்கணும்னு நேத்து நீரு பேத்திகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தது எங் காதுல விழுந்துட்டு. இந்த நீள மூக்கு வாங்குறவங்க முக்காவாசிப் பேரு மொத ராத்திரி மொட்டை மாடிக்குத்தான் ஓடுதாங்க. எடுத்தா நல்லாத்தான் வரும், குழி குழியா அத்தனையும் தெரியும். நிலாவுல வெயிலடிக்கி, அதனால வெளிச்சத்துக்கும் பஞ்சம் இல்ல. ரெண்டாவது ராத்திரி என்ன எடுப்பீரு? அதே நிலா. மூணாம் நாளு அடுத்த தெரு மாடியில காயுற மோர் வத்தலை எண்ண ஆரம்பிச்சீருன்னா வீட்டுக்குப் பஞ்சாயத்து வரும்.

உமக்கு நெசமா என்ன எடுக்கணும், அதைச் சொல்லும். கூந்தன்குளம், சரி. நாங்குநேரி போயி அங்கன போறீரு. 1994-ல அரசாங்கம் சரணாலயம்னு அறிவிக்கிறதுக்கு முந்தியே அந்த ஊருக்காரங்க பறவையைக் காபந்து பண்ணுனவங்க. சங்குவளை நாரை ஊருக்குள்ள வந்து, வீட்டு மரத்துலயே கூடு கட்டுது. திண்ணையிலேர்ந்து எடுக்கலாம். அதுக்கு 400 தாராளம், உம்ம பழைய 200-ஏ கிட்டத்தட்டப் போதும். ஆனா குளத்து நடுவுல இருக்கே வரித்தலை வாத்து, இமயமலையைத் தாண்டி வர்ற ஆளு, அது உமக்காகக் கரைக்கு வராது. அங்கதான் உம்ம 125-க்கு வேலை, ஒத்துக்கிடுதேன். எடுக்கணும்னா விடியக்காலம் போகணும். வெயில் ஏறுனா தண்ணி மேல கானல் ஆடும். வாத்தும் சேந்து ஆடும். உலகத்துல எந்தக் கம்பெனி மூக்கும் அந்தக் கானலைத் தாண்டாது. நீளம் கூடக் கூட ஆட்டமும் சேந்து பெருசாகும். எட்டு மணிக்கு முன்ன எந்திரிக்காத ஆளுக்கு எத்தனை எக்ஸ் இருந்து என்ன?

அங்கேயிருந்து வந்து கிருஷ்ணாபுரம் கோயில் சிலையை எடுக்கணும்பீரு. அது கையெட்டுத தூரத்துல நிக்கும், மண்டபம் இருட்டு. அங்க நீளம் ஒண்ணுக்கும் உதவாது. அகலமும் திறப்பும் பெரிய சில்லும்தான் வேணும். பறவை வெளிச்சத்துல தூரமா இருக்கு, சிலை இருட்டுல பக்கமா இருக்கு. ரெண்டையும் ஒரே பெட்டிக்குள்ள கேக்கீரு. என்னைக் கேட்டா, நடுவுல நிக்கிற ஒரு இஞ்சுக்காரனைப் புடியும், வரித்தலை வாத்தைக் கும்புட்டுட்டு வாரும். வாத்துதான் உசுருன்னா நீள மூக்கை வாங்கிட்டுச் சிலையை மறந்துரும். ரெண்டையும் குடுக்கேன்னு ஒருத்தன் சொன்னா, அவன் மூணாவதா ஒரு வாரண்டியும் விப்பான்.

ஃபிலிம்காரனுக்கு ஒரு சூடு இருக்கு, அதை இப்பவே சொல்லிப்புடுதேன். நெகடிவ்ல கொஞ்சம் வெளிச்சம் கூடிப்போச்சின்னா நாங்க பிரிண்டுல சரிக்கட்டி உம்ம மானத்தைக் காப்பாத்துனோம். ஊட்டியில செஞ்ச இந்து ஃபிலிமுலகூடக் காப்பாத்தியிருக்கோம். டிஜிட்டல்ல வெள்ளை எரிஞ்சா எரிஞ்சதுதான். கொக்கு முதுகு வெத்துக் காயிதம் கணக்கா வரும், அதுக்குள்ள ஒரு இறகு கிடையாது. கரும் தண்ணியில வெள்ளைக் கொக்கு நின்னா, கேமரா தண்ணியைப் பாத்து ஏமாந்து கூட வெளிச்சம் விடும். மைனஸ் பக்கம் ரெண்டு சொடுக்குத் தள்ளி எடும். ஸ்லைடு போட்டு எடுத்த காலத்துப் புத்தி இருந்தா அதை வெளிய எடும். ரா-ன்னு ஒண்ணு உண்டு, அதுதான் உமக்கு இனிமே நெகடிவு. எல்லாத்துலயும் இருக்கும்னு நெனைச்சிராதீரும். பி1000-ல இருக்கு, அதுக்கு முந்தின பி900-ல இல்ல. பழசு மலிவாக் கிடைக்கின்னு தாவுறதுக்கு முன்ன கேட்டுக்கிடும்.

கண்ணாடி போட்ட மனுசன் நீரு. கண்ணை வச்சுப் பாக்கிற ஓட்டை இல்லாத கேமராவைக் கையால தொடாதீரும். குளத்துக்கரை வெயிலுல முதுகுத் திரையில உம்ம மூஞ்சிதான் தெரியும், கொக்கு தெரியாது. ஓட்டைக்குப் பக்கத்துல ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அதைத் திருப்பி உம்ம கண்ணுக்குச் சரி பண்ணிக்கிடலாம். அது தெரியாம கேமரா மங்கல்னு திருப்பிக் குடுத்தவங்களும் உண்டு.

கடைக்குப் போறப்போ உம்ம சொந்த மெமரி கார்டைக் கொண்டு போம். எதுத்த கடை போர்டை முழுசா இழுத்து ஒண்ணு எடும், கடை உள்மூலையில இருட்டுல ஒண்ணு எடும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல பெருசாப் பாத்துட்டுப் பொறவு காசை எண்ணும். கழுத்துலயும் ஒரு கா மணி நேரம் மாட்டிக்கிட்டு நில்லும். பி1000 கிட்டத்தட்ட 1.4 கிலோ. கடையில அஞ்சு நிமிசம் புடிச்சா வீரமாத்தான் இருக்கும். கார்டு வாங்குறது நல்ல கடையில வாங்கும், போலி ஊரெல்லாம் கிடக்கு. எடுத்ததை ரெண்டு இடத்துல போட்டு வையும். நெகடிவைத் தகரப் பெட்டியில போட்டுப் பரண்ல ஏத்துன கதை இதுல நடக்காது.

லென்சு கழட்டி மாட்டுற பெரிய கேமரா வாங்கலாமான்னு கேட்டீரு. வாங்கலாம். உம்ம பழைய லென்சு பென்டாக்ஸ் டிஜிட்டல்ல இன்னைக்கும் மாட்டும். ஆனா எனக்கென்னமோ அது உமக்குத் தோதுப்படாதுன்னு தோணுது. ஃபோகஸ் கையால திருப்பணும், கண்ணு வேற ஆபரேசன் பண்ணுன கண்ணு. தேரிக்காட்டுச் செம்மண் காத்துல லென்சை மாத்துனா தூசி போயி சென்சாருல குந்திக்கிடும். என்னத்துக்கு அந்தத் தொந்தரவு? புதுசா ஒரே மூக்குல எல்லாம் வர்றதா வாங்கும்.

பழசைக் கடையில எக்சேஞ்சுக்குப் போட்டீருன்னா ஒரு நாளு பஸ் செலவுக்குக்கூடக் காணாது. அந்த கே1000 பேட்டரி செத்தாலும் ஷட்டரு அடிக்கும், மீட்டரு மட்டுந்தான் போகும். காட்டுல கிடக்கிற கிழவனுக்கு மீட்டரு என்னத்துக்கு, வெயிலைப் பாத்தே வச்சுக்கிடுவேன். அந்த 80-200-ஐயும் சேத்துப் பையில போட்டு இங்கன வச்சிட்டுப் போம். புதுசு என்ன விலைன்னு எம் மவகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.