வலைக்குள் கத்தரிக்கன்று

கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோப் பகுதியில், தமிழர் வீட்டுக் கத்தரிக்கன்று மார்ச் மாதமே பிறந்துவிடும். பிறக்கும் இடம் பின்வளவு அல்ல, வரவேற்பறை யன்னல். வெளியே பனி குவிந்து கிடக்க, உள்ளே பழைய தயிர்ப் பேணிகளில் விதை முளைக்கும். மே மாதப் பின்பாதியில் வரும் விக்டோரியா தினத்துக்கு முன் கன்றை வெளியே நடக்கூடாது என்பது ரொறன்ரோவில் எழுதாத சட்டம். அதுவரை கன்றுகளை வெயில் பக்கம் திருப்பி வைப்பதும், வட்ஸ்அப்பில் உறவினருக்குப் படம் அனுப்புவதுமாக வீடு பரபரப்பாக இருக்கும்.

இளைப்பாறிய கணக்காளர் ஒருவரும் அப்படித்தான் வளர்த்து, நல்ல நாள் பார்த்து நட்டார். அந்த வாரம் முடியவில்லை, மனைவியின் குரல் கேட்டது.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா வந்து பாருங்கோ. இலை முழுக்க அரிதட்டு மாதிரிக் கிடக்கு."

அவர் முதலில் அணிலைச் சந்தேகித்தார். ரொறன்ரோவில் எது காணாமற் போனாலும் முதற் குற்றவாளி அணில்தான். ஆனால் அணிலுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. ஊசியால் குத்தியதுபோல் வட்ட வட்டத் துளைகள், சில இடங்களில் மேல்தோல் மட்டும் சுரண்டிய குழிகள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். இலையில் மினுங்கும் கறுப்புப் புள்ளி ஒன்று. விரலைக் கிட்டக் கொண்டுபோனார். புள்ளியைக் காணவில்லை. பறக்கவில்லை, ஓடவில்லை, சும்மா இல்லாமற் போய்விட்டது.

அதுதான் தெள்ளு வண்டு. நீளம் இரண்டு மில்லிமீற்றர் அளவுதான். உடம்பில் பாதி பின்னந்தொடை என்று சொல்லுமளவுக்குத் தடித்த கால். அந்தத் தொடைக்குள் விசைச்சுருள் போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது; அதை முறுக்கி விட்டால் நிழல் விழுமுன் வண்டு வேறு ஊரில் இருக்கும். குளிர்காலம் முழுவதும் உதிர்ந்த இலைக்கு அடியிலும் மண்ணிலும் படுத்துக் கிடந்துவிட்டு, வசந்தத்தில் வெயில் ஏறியதும் பசியோடு எழும்பும். கணக்காளர் கன்று நட்டதும் அதே நேரத்தில்தான்.

வேரடியில் முட்டை இடுவதும், புழு வேரைக் கடிப்பதும், கோடை நடுவில் அடுத்த தலைமுறை வருவதும் பிறகு நடக்கும் காரியங்கள். தோட்டக்காரருக்குக் கண்டம் முதல் சில வாரங்கள் மட்டும். முற்றிய கத்தரியில் நூறு துளை விழுந்தாலும் அது பாட்டுக்குக் காய்க்கும். நாலு இலைக் கன்றுக்குத்தான் ஒவ்வொரு துளையும் பெரிய இழப்பு. கனடாவின் மேற்கு மாகாணங்களில் கனோலா பயிரிடும் விவசாயிகளும் முளைப் பருவத்தில் இந்த வண்டின் இனத்தாரோடுதான் போராடுகிறார்கள். இலைப்பரப்பில் 25 சதவீதம் போய்விட்டால் மருந்தடிக்க வேண்டும் என்பது அவர்களது கணக்கு. இதை வாசித்ததும் கணக்காளருக்குப் பழைய உற்சாகம் திரும்பியது. உருப்பெருக்கிக் கண்ணாடியோடு இலை இலையாகச் சேதம் கணக்கிட்டார். கணக்கு முடியுமுன் நாலு கன்றில் ஒன்றுக்கு இலையே இல்லை.

கடைக்குப் போனார். புல்வெளிக்கும் பூந்தோட்டத்துக்கும் அழகுக்காக அடிக்கும் பூச்சிமருந்துகளுக்கு ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் தடை. தட்டில் மிஞ்சியிருந்தவற்றில் சவர்க்காரக் கரைசல்தான் கைக்கு வந்தது. அது பூச்சியின் மேல் நேராகப் பட்டால்தான் வேலை செய்யும். பட்டால்! வீட்டு அலுமாரியில் இருந்த வேப்பெண்ணெய்க்கோ அப்போது கனடாவில் பூச்சிக்கொல்லி என்ற பதவி இருக்கவில்லை. இலைக்கு மினுக்கம் கொடுக்கும் எண்ணெயாக வேண்டுமானால் போத்தலில் இருந்தது. அதே வேப்பங்கொட்டைச் சாற்றில் செய்த மருந்தை, ரொறன்ரோ மாநகரம் தெருவோர ஆஷ் மரங்களுக்குத் துளைப்பான் வண்டு பிடிக்காதிருக்க ஊசியாக ஏற்றியிருக்கிறது. மரத்துக்குள்ள மதிப்பு கத்தரிக்கு இல்லை.

ஊர் வழக்கப்படி சாம்பல் தூவலாம் என்றால் விறகடுப்புக்கு எங்கே போவது? பார்பிக்யூ அடுப்புச் சாம்பலை அரித்துத் தூவினார். அன்றிரவு மழை.

மார்க்கம் நகரிலிருந்து மைத்துனர் தொலைபேசியில் ஆலோசனை சொன்னார்: "அத்தான், பக்கத்திலை முள்ளங்கி போடுங்கோ. பூச்சியெல்லாம் அங்கை போயிடும்." பொறிப்பயிர் என்பது உண்மையான உத்திதான், ஆனால் கோவாவைக் காக்க. முள்ளங்கியையும் கடுகுக் குடும்பத்தையும் தின்னும் தெள்ளு வண்டு வேறு, கத்தரியைத் தின்னும் தெள்ளு வண்டு வேறு. முன்னதுக்குக் கடுகு நெடிதான் அழைப்பு. அதிலும் ஆண் வண்டு தின்னத் தொடங்கியதும் ஒரு வாசனையை விட்டு ஆண், பெண் பேதமில்லாமல் சுற்றத்தையே கூப்பிடும். ஆக, முள்ளங்கியும் போட்ட பின்வளவில் இரண்டு பந்தி நடந்தது. இரண்டிலும் இலை மிஞ்சவில்லை.

கடைசியில் வழி வலைதான். மனைவி, ஊரிலிருந்து கொண்டுவந்த நுளம்புவலையை எடுத்துக் கொடுத்தார். நுளம்பு நுழையாத கண்ணில் இந்த வண்டு தாராளமாக நுழையும், 0.8 மில்லிமீற்றருக்கு மேற்படாத கண் வேண்டும். வாங்கிய வலையைக் கம்பி வளைவுகளின் மேல் போர்த்து, ஓரங்களை மண்ணுக்குள் புதைத்தார், அதுவும் புதிதாக வைத்த கன்றுகளுக்கு, நட்ட அன்றே. இடத்தையும் மாற்றினார். போன வருடம் கத்தரியோ தக்காளியோ உருளைக்கிழங்கோ நின்ற பாத்தியில் வலை போட்டால், மண்ணுக்குள் உறங்கிய வண்டுகள் உள்ளுக்குள்ளேயே எழும்பி, பாதுகாப்பாக விருந்து சாப்பிடும்.

பூ வந்ததும் வலையை எடுத்தார். கத்தரிப் பூவின் மகரந்தம் உதிர யாராவது அதை உலுப்பிவிட வேண்டும். பெருத்த பம்பிள் தேனீ பூவைக் கவ்விக்கொண்டு ரீங்கரிப்பது அதற்குத்தான். பிறகு புதிய வண்டுகள் வந்து முற்றிய இலைகளில் துளை போட்டன. அதற்குள் சமையலறையில் கத்தரிக்காய்ப் பால்கறி இரண்டாம் தரம் ஆகிவிட்டது.

ஒக்ரோபரில் அவர் வளவை ஒட்டக் கூட்டி, வண்டு உறங்க ஓர் இலைகூட விடாமல், மாநகரம் கேட்கிற கடதாசிப் பைகளில் கட்டித் தெருவோரம் வைத்தார். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு அம்மா தன் இலைகளை ஒரு பாயளவுக்குத் திரட்டிப் பரப்பிக்கொண்டிருந்தார். காட்டுத் தேனீக்கள் குளிர்காலத்தில் தங்க இடம் வேண்டுமாம். கத்தரிப் பூவை உலுப்பிய தேனீக்களை நினைத்து, கணக்காளர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மே மாதத்துக்கு இன்னும் இரண்டு யார் நீளத்துக்கு வலை வாங்க வேண்டும் என்று மட்டும் குறித்துக்கொண்டார்.