இரண்டு முக்கோணம் சேர்ந்தால் ஓர் ஆள்!

கே: என் மகன் பள்ளியில் வார்லி ஓவியம் கற்கிறானாம். குச்சி குச்சியாகக் கிறுக்கிக்கொண்டு வருகிறான். இதற்கு ஒரு வாத்தியார் வேறா?
– வாசகி, கரூர்

ப: பென்சிலோடு நீங்களும் உட்காருங்கள். தலைகீழாய் ஒரு முக்கோணம். அதன் நுனியைத் தொட்டபடி கீழே நேராய் இன்னொன்று. மேலே மார்பு, கீழே இடுப்பு. தலைக்கு வட்டம், கை காலுக்குக் கோடு. ஆள் தயார். வம்பு இனிமேல்தான். மேல் முக்கோணத்தைக் கொஞ்சம் சாய்த்தால் அவர் நாற்று நட வேண்டும், கால் கோட்டை மடக்கினால் ஓட வேண்டும். அநேகமாக உங்கள் ஆள் குப்புற விழுந்திருப்பார். மகனுடைய ஆள் ஓடினால் வாத்தியாருக்கு ஒரு வணக்கம் வையுங்கள்.

கே: வார்லி எந்த ஊர்ச் சரக்கு?
– வாசகர், திண்டிவனம்

ப: மும்பைக்கு வடக்கே, மகாராஷ்டிராவின் பால்கர் பகுதியில் வாழும் பழங்குடி மக்களின் பெயர் அது. கல்யாண வீட்டு மண்சுவரில் சாணமும் செம்மண்ணும் பூசி, அரிசி மாவைக் கரைத்து, நுனியை மென்று நாராக்கிய மூங்கில் குச்சியால் வரைவார்கள். 'சௌக்' என்கிற சதுரத்துக்குள் பால்கட் தேவி வந்து அமர்ந்தால்தான் கல்யாணம். நம்மூரில் வாசலோடு நின்றுவிட்ட அரிசி மாவு அங்கே சுவர் ஏறிவிட்டது. எறும்புக்குத்தான் கூடுதல் வேலை!

கே: பெண்கள் வரைகிற கலை என்கிறார்கள். பத்மஸ்ரீ வாங்கியவர் ஆணாமே?
– வாசகி, சிவகாசி

ப: ஜீவ்யா சோமா மாஷே. 2011-இல் வாங்கினார். சிறு வயதில் தாயை இழந்து பேச்சே நின்றுபோய், புழுதியில் வரைந்து காட்டியே சேதி சொன்னவர். சடங்குச் சுவரில் இருந்ததைக் காகிதத்துக்கும் துணிக்கும் கொண்டுவந்து, கல்யாணம் இல்லாத நாளிலும் வரைந்தார். தகுதியான விருதுதான். ஆனால் அவருக்கு முன்னால் தலைமுறை தலைமுறையாகச் சுவரில் வரைந்த சுமங்கலிகளின் பெயர்களை யார் எழுதிவைத்தார்கள்? வகுப்பில் இதையும் ஒரு வார்த்தை சொன்னால் தேவலை.

கே: ஸ்கேல் வைத்து வரையலாமா?
– மாணவன், தேனி

ப: வரையலாம், வீட்டு பிளான் என்றால்.

கே: எங்கள் வகுப்பில் எல்லோரும் ஒரே படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். மாட்டிவைக்கலாமா?
– ஓவிய ஆசிரியை, தஞ்சாவூர்

ப: தார்ப்பா என்கிற குழல் வாத்தியத்தை ஊதுகிறவரும் அவரைச் சுற்றி ஆடுகிற கூட்டமும்தானே? ஒன்றை மாட்டுங்கள், மற்றதெல்லாம் ஜெராக்ஸ். வார்லிக்காரர்கள் வரைந்தது அவர்கள் வயலை, அவர்கள் கூத்தை. இளையவர்கள் இப்போது ரயிலும் பஸ்ஸும் வரைகிறார்கள். உங்கள் பிள்ளைகள் ரேஷன் கடை வரிசையை வரையட்டும். அங்கேயும் ஆட்கள் வளைந்து வளைந்துதான் நிற்கிறார்கள்.

கே: ஓவியத்துக்கு மார்க் உண்டா?
– வாசகர், ஆவடி

ப: இருந்தால் இதற்குள் உங்கள் தெருவில் டியூஷன் சென்டர் வந்திருக்குமே!

கே: ஓவிய பீரியடை கணக்கு சார் வாங்கிக்கொள்கிறார். என்ன செய்வது?
– மாணவி, அரியலூர்

ப: வார்லியில் மொத்தமே வட்டம், முக்கோணம், சதுரம். "சார், வடிவியல் போடுகிறோம்" என்று சொல்லிவிட்டு அவரையே வரையுங்கள். தொப்பைக்கு எந்த வடிவம் என்பதை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்.